பழங்குடி மக்களின் தரவு: முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சூபாய் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்குச் சாலை கிடையாது. எட்டு மைல் மலைப்பாதையை நடந்தோ கோவேறு கழுதையிலோ கடக்க வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டர். தபால்கூடக் கழுதை முதுகில்தான் இறங்குகிறது. அங்கே வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர் மொத்தமே சுமார் 650 பேர். அவர்களைச் சர்க்கரை நோய் கடுமையாகத் தாக்கியிருந்தது. காலை இழந்தவர்கள் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்வதற்காகப் பள்ளத்தாக்கை விட்டே வெளியேறியவர்களும் உண்டு. பல ஆண்டுகளாகத் தங்களோடு பழகிய ஒரு மானிடவியல் பேராசிரியரிடம் உதவி கேட்டார்கள். 1990 முதல் 1994 வரை அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கையில் மக்களும் கை நீட்டினார்கள்.

2003இல் கார்லெட்டா திலூசி என்ற ஹவாசுபாய்ப் பெண் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே விளக்கப்பட்ட ஆய்வு தன் மக்களின் ரத்தத்தை வைத்துச் செய்யப்பட்டது என்பதை அப்போதுதான் அறிந்தார். ஆய்வுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பே இல்லை. இதற்கு எங்கள் மக்களிடம் அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். தோண்டத் தோண்ட வேறு செய்திகளும் வெளிவந்தன. மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணம் செய்வதன் விளைவு, ஆதிமனிதர் ஆசியாவிலிருந்து பெயர்ந்து வந்த வழித்தடம் எனப் பல ஆய்வுகளுக்கு அந்த ரத்தம் போயிருந்தது. இவற்றில் கடைசியானது அவர்களை மிக ஆழமாகக் காயப்படுத்தியது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் தாங்கள், அதைக் காக்கும் பொறுப்பு தங்களுடையது என்பது ஹவாசுபாய்களின் நம்பிக்கை. நீங்கள் வந்தேறிகள் என்று சொல்ல அவர்களுடைய ரத்தத்தையே சாட்சியாக நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தார் தங்கள் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று பழங்குடி மன்றம் தடை விதித்தது, வழக்கும் தொடர்ந்தது. 2010 ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. உறைபெட்டியில் மிஞ்சியிருந்த ரத்தத்தை மக்களே நேரில் போய்ப் பெற்றுக்கொண்டார்கள். சமரசத்தில் முடிந்ததால், செய்தது சரியா தவறா என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவே இல்லை. பிற்காலத்தில் யாரும் எடுத்துக்காட்டக்கூடிய சட்ட முன்மாதிரி எதுவும் அந்த வழக்கிலிருந்து பிறக்கவில்லை.

ஆய்வாளர்கள் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்தது. கையெழுத்து வாங்கிய படிவத்தில் நோய்களின் காரணங்களை ஆராய்வதாகப் பொதுப்படையாகத்தான் எழுதியிருந்தது. விதிப்படி ஒப்புதல் இருக்கிறதே என்றார்கள். வாய்ச்சொல்லில் சர்க்கரை நோய், தாளில் எல்லா நோயும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருந்த மக்களுக்கு இந்த இடைவெளி எப்படித் தெரிந்திருக்கும்? ஆனால் படிவத்தைத் திருத்தி எழுதியிருந்தால் மட்டும் சிக்கல் தீர்ந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான ஆய்வு அறநெறி முழுவதும் தனிமனிதரை மையமாக வைத்தது. ஒருவர் சம்மதித்தால் போதும், பெயரை மறைத்துவிட்டால் போதும் என்பது அதன் கணக்கு. 650 பேர் மட்டுமே கொண்ட ஒரு மக்களிடம் அந்தக் கணக்கு தவறிப்போகிறது. ரத்தக் குப்பியிலிருந்து ஆளின் பெயரை அழித்தாலும், கட்டுரையின் தலைப்பில் மக்களின் பெயர் நிற்கிறது. ரத்தம் கொடுக்காதவருக்கும், இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் சேர்த்தே அங்கு முடிவு எழுதப்படுகிறது. அவர்களில் யாரிடமும் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

இது ஒரு பல்கலைக்கழகத்தோடு நின்ற கதையும் அல்ல. கனடாவின் வான்கூவர் தீவில் வாழும் நூ-சா-நுல்த் மக்களில் 883 பேரிடம் 1980களில் மூட்டுவாத ஆய்வுக்காக ரத்தம் எடுக்கப்பட்டது. ஆய்வாளர் வேலை மாறி முதலில் அமெரிக்காவுக்கும் பின்னர் ஆக்ஸ்போர்டுக்கும் போனபோது ரத்தமும் உடன் போனது. மக்களின் வம்சாவழியை ஆராயப் பயன்பட்டது. அவர் இறந்த பிறகு, 2004இல்தான் அது ஊர் திரும்பியது. பப்புவா நியூ கினியின் ஹகஹாய் மக்களில் ஒருவரின் ரத்த அணுக்களிலிருந்து வளர்த்த செல் வரிசைக்கு 1995இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் காப்புரிமையே பெற்றுவிட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்த பின், அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டது. அமேசான் காட்டின் யனோமாமி மக்கள், இறந்தவரின் உடைமை எதையும் மிச்சம் வைக்காமல் அழித்துவிடும் வழக்கமுடையவர்கள். 1960களின் இறுதியில் அவர்களிடம் எடுத்த ரத்தம், கொடுத்தவர்களில் பலர் இறந்த பிறகும் அமெரிக்க ஆய்வகங்களில் உறைந்து கிடந்தது. அதன் பெரும்பகுதி 2015இல்தான் திரும்பி வந்து காட்டு மண்ணில் புதைக்கப்பட்டது.

எண்ணுவதும் அளப்பதும் பதிவேட்டில் ஏற்றுவதும் ஆட்சியின் கருவிகளாக இருந்ததை நம் மண்ணும் நன்றாக அறியும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதற்காக எத்தனையோ பேரின் மூக்கும் தலையும் அளக்கப்பட்டன. 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். ஒரு மக்கள் கூட்டத்தையே குற்றவாளிகள் என்று பதிந்து விரல்ரேகை எடுக்கச் சொன்ன சட்டம் அது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்ட பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள் அல்லர். இருந்தாலும் தன்னைப் பற்றிய தகவலைத் தர மாட்டேன் என்று ஒரு சமூகம் கூட்டாக நின்று உயிரைக் கொடுத்த நிகழ்ச்சி தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது என்பதை இந்தப் பேச்சில் விட்டுவிட முடியாது.

நீலகிரியில் நடந்தது இன்னொரு வகை. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் தொதவர்களிடையே சில மாதங்கள் தங்கி, 1906இல் வெளியிட்ட நூல் மானிடவியலில் ஒரு மைல்கல். பால்மனைகளின் சடங்குகள், மந்திரச் சொற்கள், வெளியார் அறியக் கூடாத பலவற்றை அதில் பதிந்தார். அவருக்குச் செய்தி சொன்னவர்கள் சிலரின் வீடுகளில் நோயும் சாவும் நேர்ந்தன. இரகசியத்தை அந்நியரிடம் சொன்னதால் தெய்வங்கள் சினந்துவிட்டன என்று தொதவர்கள் கருதியதை ரிவர்ஸே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனாலும் புத்தகம் வந்தது, இரகசியங்களும் அச்சேறின. வருந்திய பின்னும் பதிவை நிறுத்திவைக்கச் சொல்லும் வழி ஏதும் தொதவர்கள் கையில் இருக்கவில்லை. ஹவாசுபாய் ரத்தத்துக்கு நேர்ந்ததும் இதேதான். கொடுக்கும்போது ஒருமுறை சம்மதம் கேட்பார்கள். கொடுத்த பிறகு அதன்மீது எந்தப் பிடியும் இல்லை.

இந்தப் பிடியை மீட்கும் முயற்சி முதலில் தெளிவான வடிவம் பெற்றது கனடாவில். 1994இல் அந்நாட்டு அரசு தொடங்கிய பெரிய நெடுங்காலக் கணக்கெடுப்புகள், ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்ந்த முதல் குடிகள் எனப்படும் பழங்குடியினரைச் சேர்க்காமல் விட்டன. அவர்களுக்கான உடல்நலக் கணக்கெடுப்பு தனியாக நடக்கவிருந்தபோது, அதை நாங்களே நடத்துகிறோம் என்று அம்மக்களின் பிரதிநிதிகள் முன்வந்தார்கள். 1998இல் அவர்களின் குழு வகுத்த நெறிக்கு ஓகேப் என்று பெயர். உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்பவை அதன் நான்கு கால்கள். இவற்றில் நான்காவதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தரவு உன்னுடையது என்று தாளில் எழுதிவிட்டு அதை அரசின் கணினியில் வைத்திருந்தால், சிக்கல் வரும் நாளில் அந்தத் தாள் உதவாது. தரவு எந்த இடத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது என்ற நடைமுறைக் கேள்வியை அவர்கள் ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டார்கள். நூ-சா-நுல்த் அனுபவத்திலிருந்து, பழங்குடியினர் தரும் மரபணுப் பொருள் ஆய்வாளரிடம் இரவலாக இருக்கிறதே தவிர அவருக்குச் சொந்தமாவதில்லை என்ற கருத்தும் அங்கே வேரூன்றியது. 2007இல் கனடாவின் உடல்நல ஆய்வு வழிகாட்டுதல்களிலும் இடம்பெற்றது.

அதே 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்தவை கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகள். பின்னர் நான்கும் மனம் மாறின. தங்கள் தரவுமீது தாங்களே முடிவெடுக்கும் உரிமையைச் சுட்டும் தரவு இறையாண்மை என்ற சொல்லோடு இயக்கம் வளர்ந்ததும் இந்த நான்கு நாடுகளின் பழங்குடிகளிடமிருந்துதான். 2015இல் கான்பெராவில் கூடிப் பேசியவர்களின் கட்டுரைகள், தாஹு குகுதாய், ஜான் டெய்லர் ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு அடுத்த ஆண்டு நூலாக வந்தன. அதே காலத்தில் அறிவியல் உலகம் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. தரவு எளிதில் கண்டெடுக்கவும் பலமுறை பயன்படுத்தவும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற ஃபேர் நெறிகள் 2016இல் வெளிவந்தன. அந்நெறிகளில் யாருக்கு நன்மை, யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி இல்லை. அதை நிரப்பவே 2019இல் பழங்குடித் தரவுக்கான உலகக் கூட்டணி கேர் நெறிகளை வெளியிட்டது. கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் என்ற நான்கும் அதில் அடக்கம். இன்று பல பதிப்பகங்களும் ஆவணக் காப்பகங்களும் இவற்றை ஏற்பதாகச் சொல்கின்றன. ஏற்பதாகச் சொல்வது எளிது. கட்டுப்படுத்தும் அதிகாரம் என்ற இரண்டாவது நெறியை மெய்யாகக் கைமாற்றியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் பேச்சு நின்றுவிடுகிறது.

கைமாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் வடமுனையில் கைத்தாயா ஊரில் இயங்கும் தெ ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி நல்ல சான்று. முதியவர்களின் பேச்சு பல ஆண்டுகளாக அவர்களிடம் ஒலிப்பதிவாகச் சேர்ந்திருந்தது. அதை எழுத்தாக்க, மாவோரி மொழியைப் புரிந்துகொள்ளும் கணினி தேவைப்பட்டது. 2018இல் ஊர் மக்களை அழைத்து வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் 2,500க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 300 மணி நேரத்துக்கு மேற்பட்ட குரல் பதிவைத் தந்தார்கள். தங்கள் மொழிக்காகத் தங்கள் வானொலி கேட்கிறது என்பதுதான் அந்த வேகத்துக்குக் காரணம். பிறகு வெளி நிறுவனங்கள் அந்தத் தரவைக் கேட்டபோது, வானொலியார் தர மறுத்தார்கள். உடைமையாளர் என்று சொல்லிக்கொள்ளாமல் காவலர் என்ற நிலையிலிருந்து எழுதிய தனி உரிமத்தை உருவாக்கினார்கள். மாவோரி மக்களுக்கு நன்மை தரும் பயன்பாட்டுக்கே அது வழி விடுகிறது. 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள், இணையத்திலிருந்து திரட்டிய 1,381 மணி நேர மாவோரிப் பேச்சைக் கொண்டு பயிற்றப்பட்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு உரிய மக்களிடம் யாரும் கேட்கவில்லை. மொழி அழியாமல் காக்கப் போராடியவர்கள் தடையின்றிக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். அந்த மொழியை விலைக்கு விற்கப்படும் சேவையாக மீண்டும் பெற அவர்கள் விரும்பவில்லை. எனக்கு அதில் முழு நியாயம் தெரிகிறது.

எல்லாவற்றையும் பூட்டிவைப்பதே வழி என்றும் ஆகாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பாசமாக்குவாடி மக்களின் பாட்டும் கதையும் 1890இல் மெழுகு உருளைகளில் பதியப்பட்டன. களத்துக்குப் போய்ச் செய்த ஒலிப்பதிவுகளில் உலகிலேயே முதலாவதாகக் கருதப்படுபவை அவை. இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பட்டியலில் அந்தப் பதிவுகளோடு மக்களே எழுதிய குறிப்புகளும் முத்திரைகளும் இருக்கின்றன. எதை யார் கேட்கலாம், எப்படிப் பெயர் குறிப்பிட வேண்டும் என்று அவை சொல்கின்றன. சிலவற்றை எவரும் கேட்கலாம். எது திறந்திருக்கும் என்பதை அந்த மக்களே தீர்மானித்தார்கள்.

தரவு எடுக்கப்படுவது ஒரு கொடுமை என்றால், இருக்கும் தரவு கிடைக்காமல் போவது இன்னொன்று. அமெரிக்கப் பழங்குடிகளுக்கு 12 நோய்ப்பரவல் ஆய்வு மையங்கள் உண்டு. 2010இல் சட்டமே அவற்றைப் பொதுச் சுகாதார அமைப்புகளாக ஏற்றது. ஆனாலும் 2020இல் கோவிட் பழங்குடி ஊர்களைச் சூறையாடியபோது, மாநிலங்களுக்குக் கிடைத்த விவரங்கள்கூட இம்மையங்களுக்குக் கிடைக்கவில்லை. தங்கள் ஊரில் யார் சாகிறார்கள் என்ற கணக்குக்கே கையேந்த வேண்டியிருந்தது. தரவு இறையாண்மையைக் கதவடைப்பு என்று மட்டும் புரிந்துகொள்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

மறுப்பதற்கும் விலை உண்டு. அமெரிக்காவின் நவஹோ தேசம் 2002இல் மரபணு ஆய்வுகளுக்குத் தன் எல்லைக்குள் தடை விதித்தது. அதனால் புதிய மருந்துகளும் பரிசோதனைகளும் பிறர் உடலை அளவாகக் கொண்டே வளரும் என்ற கவலை அந்த மக்களுக்குள்ளேயே இருக்கிறது. இதைவிடக் கடினமான கேள்வி, மக்களின் பெயரால் யார் பேசுவது என்பது. அகத்திய மலைக் காணிக்காரர்களின் கதை அதற்குச் சரியான பாடம். 1987இல் கேரளப் பக்கத்தில் தாவரவியலாளர்களுக்கு வழிகாட்டியாகப் போன காணிகள் சோர்வின்றி நடந்தார்கள். அவர்கள் மென்ற பழம் ஆரோக்கியப்பச்சை என்ற செடியினுடையது. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானது. 1995இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் உரிமம் தரப்பட்டது. வருவாயில் பாதி காணிகளுக்கு என்று, மருந்தை உருவாக்கிய திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா நிறுவனம் தானாகவே முடிவு செய்தது. 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. பல்லுயிர்ச் சட்டம் வருவதற்கு முன்பே நன்மையைப் பகிர்ந்ததற்காக உலகம் அதை வியந்து பேசியது, அந்தப் பாராட்டு தகுதியானதே. ஆயினும் இரகசியத்தைச் சொன்னவர்கள் சிலர்தான். மருத்துவ அறிவைக் காப்பவர்களான பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்கக் கூடாது என்று 1995இலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மற்ற பகுதிக் காணிகள் பலருக்குப் பேச்சு நடந்ததே தெரியாது. பணத்தைப் பங்கிடுவதற்கு முன்னால் முடிவைப் பங்கிட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி 10 கோடிக்கு மேற்பட்ட பட்டியல் பழங்குடியினர் இருக்கிறார்கள். ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இங்குள்ள எல்லாரும் இந்த மண்ணின் பூர்வகுடிகளே என்பது அரசின் நிலைப்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் பழங்குடியினரிடம் ஆய்வு செய்யப் பல காப்புகளை விதிக்கின்றன. அவர்களுக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும், ஆட்சியர் போன்றோரின் அனுமதி வேண்டும், ஊர்ப் பெரியவர்களைக் கலந்து ஒப்புதல் பெற வேண்டும். நல்ல விதிகள். ஆனால் எடுத்த மாதிரியும் தரவும் பின்னால் எங்கே போகின்றன என்று கேட்கும் நிரந்தர அதிகாரம் ஊருக்கு இல்லை. ஒப்புதலின் பெயரால் என்ன நடக்கக்கூடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பழங்குடிச் சிறுமியர் பலர் உட்பட ஆயிரக்கணக்கானோருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வாகப் போடப்பட்டது. ஒப்புதல் படிவங்களில் ஏராளமானவற்றில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததை 2013இல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. பெயரிலேயே தனிநபர் இருக்கிறார். ஒரு மக்கள் கூட்டம் அந்தச் சட்டத்தின் பார்வையில் படுவதில்லை. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் அது விலக்கும் அளிக்கிறது. அதே 2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், ஏட்டில் ஏறிய மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பகிர்வுக் கடமையைத் தளர்த்தியது. வாய்வழி அறிவு ஏட்டில் ஏறுவது இனி அதன் உரியவர்களுக்கு இழப்பாகவும் முடியலாம்.

இவையெல்லாம் இப்போது பேசியே ஆக வேண்டியவை. அரிவாள் அணு ரத்தசோகையை 2047க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. இந்தியாவில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல். இந்த நோயின் வலியை அறிந்த எவரும் திட்டத்தை எதிர்க்க மாட்டார்கள். கூடலூரில் ஆதிவாசிகள் சேர்ந்து நடத்தும் மருத்துவமனை இந்நோய்க்கு நெடுங்காலமாகச் சிகிச்சை அளித்துவருகிறது. ஆனால் பரிசோதனை முடிவு அட்டையாகக் கையில் தரப்படுகிறது. மணம் பேசும் முன் இருவர் அட்டையையும் ஒப்பிடச் சொல்கிறார்கள். கிரேக்கத்தின் ஆர்கோமெனோஸ் பகுதியில் 1970களில் இதேபோன்ற பரிசோதனை நடந்தபோது, நோயே இல்லாமல் மரபணுவை மட்டும் சுமந்தவர்களுக்கு அவப்பெயர் வந்து, பலர் முடிவை மறைத்தார்கள். இங்கே அந்தச் சுமை பெண்பிள்ளைகள் தலையில் விழும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. கோடிக்கணக்கானோரின் மரபணு நிலை ஒரு மையத் தளத்தில் சேரும்போது, காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுப்பவரோ வேறு ஆய்வாளரோ கேட்டால் யார் பதில் சொல்வது? இன்றைய நிலையில் ஊர் சொல்லாது.

அதை ஊர் சொல்வதற்கான அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(k)இல், பல்லுயிர் குறித்த மரபு அறிவின்மீது சமூகத்துக்குக் கூட்டுரிமை உண்டு என்கிறது. தனிமனிதரைத் தாண்டிச் சமூகத்தை உரிமையாளராக ஏற்ற அரிய வரி அது. 2013இல் உச்ச நீதிமன்றம் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்பதை ஒடிசாவின் கிராம சபைகளிடமே விட்டது. 12 சபைகளும் கூடாது என்றன, மலை பிழைத்தது. மலையைப் பற்றி முடிவெடுக்கத் தகுதியுள்ள சபைக்குத் தன் மக்களின் ரத்தத்தைப் பற்றி முடிவெடுக்கத் தகுதி இல்லையா? வன உரிமை விதிகளின்படி கிராம சபை கூடப் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். அந்தச் சபையில், மாதிரி எங்கே வைக்கப்படும், வேறு ஆய்வுக்குப் போகும் முன் மறுபடி யார் வந்து கேட்பார், முடிவை எந்த மொழியில் எப்போது வந்து சொல்வார், வேண்டாம் என்றால் எப்படித் திருப்பித் தருவார் என்ற நான்கையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு பரிசோதனைக் குழு ஊசியை எடுக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழங்குடியினர் நலத்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.